ப்ராம்ப்ட் பெட்டியில் எண் கேட்பது எப்படி?

அக்காவின் இட்லி மாவுக் கடைக்கு ஒரு சின்ன வலைப்பக்கம் செய்தேன். எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்டு, பாக்கெட் 40 ரூபாய் வீதம் தொகை சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அலர்ட் செய்தியை மட்டும் காட்டும், கன்ஃபர்ம் சரியா வேண்டாமா என்று கேட்கும். தட்டச்சு செய்ய இடம் தருவது ப்ராம்ப்ட் (prompt)தான்.

முதலில், ஸ்கிரிப்ட் டேகுக்குள் லெட் (let) போட்டு ஒரு மாறி. அதற்குப் 'பதில்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிரவுசர் ஏற்றுக்கொள்ளும். ப்ராம்ப்ட் போன்ற கட்டளைகளை மட்டும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். சமக்குறிக்கு அப்புறம் ப்ராம்ப்ட், அடைப்புக்குறிக்குள் மேற்கோளிட்ட கேள்வி. கமா போட்டு "1" என்று சேர்த்தால், பெட்டி திறக்கும்போதே அதில் 1 இருக்கும்.

அடுத்த படியில்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. 2 என்று தட்டினேன். 80 ரூபாய் என்று சரியாக வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட் இலவசம் என்பதால் 1 கூட்டினேன். மொத்தம் 21 பாக்கெட் என்றது! நாம் தட்டியதை ப்ராம்ப்ட் எப்போதும் எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகத்தான் (string) தரும். பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே அதை எண்ணாக்கிவிடும், கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும். பெருக்கல் சரியாக வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகவே பதிலை நம்பர் (Number) ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

மாற்றுவதற்கு முன்னால் இன்னொன்று. கேன்சல் அழுத்தினால் null வரும், அதாவது 'மதிப்பே இல்லை'. பெட்டியில் இருப்பதை அழித்துவிட்டு ஓகே அழுத்தினால் காலிச் சரம் வரும். நம்பர் இரண்டையுமே 0 ஆக்கிவிடும். அதனால் பதில் null-ஆ என்று முதலில் பாருங்கள், ஆமென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாற்றிய பிறகு, அது முழு எண்தானா, 0-க்கு மேலா என்று சோதியுங்கள். "ரெண்டு" என்று எழுதினாலும், தமிழ் இலக்கமான ௨ போட்டாலும் NaN என்ற 'எண் அல்ல' மதிப்புதான் வரும். இந்தச் சோதனையில் அதுவும் சிக்கிவிடும்.

பழகுவதற்கு, பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் கிடைக்கும் கன்சோல் போதும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆனால் கடைப் பக்கத்தில் கடைசியில் ப்ராம்ப்டை எடுத்துவிட்டேன். பெட்டி திறந்திருக்கும்வரை பக்கம் அப்படியே நின்றுவிடுகிறது, விலைப்பட்டியலைக்கூடத் தள்ளிப் பார்க்க முடியாது. இப்போது அங்கே இருப்பது சாதாரண ஃபார்ம்.

பிற்சேர்க்கை: ஆன்லைன் எடிட்டரில் பெட்டியே வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்தான் ஐஃப்ரேம். அதற்குச் சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்பாடு போட்டு, அலோ-மோடல்ஸ் (allow-modals) அனுமதி தராவிட்டால் பெட்டி வராது. நிரலை எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து, நேராக பிரவுசரில் திறந்து பாருங்கள்.