தீபாவளி முடிந்தது, டப்பா முடியவில்லை

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறாதீர்கள். ஏறினால் இரண்டு கிலோ கூடுதலாகத் தெரியும், உடனே “இன்னைக்கு முழுக்கப் பட்டினி” என்று ஒரு சபதம் வரும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் அதைப்போல இரு மடங்கு என்றால் மைசூர்பாக்கால்கூட ஆகாத காரியம். மெஷின் காட்டுவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மிக்சரிலும் மட்டன் குழம்பிலும் இருக்கும் உப்பு நீரைப் பிடித்து வைக்கும். இனிப்பும் சோறும் உடம்பில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவு நீரும் கூடவே தங்கும். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் சில நாளில் வடிந்துவிடும்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? காலை இட்லியைத் தள்ளிவிட்டு மதியத்தைக் காபியில் ஓட்டினால், சாயங்காலம் நாலு மணிக்குக் கை தானாக அடுப்படி மேல்தட்டுக்குப் போகும்.

அங்கே இருக்கிறது அந்த டப்பா. எங்கள் வீட்டில் பண்டிகை ஒரு நாள், டப்பா பத்து நாள். எவர்சில்வர் மூடியைத் திறந்தால் அடியில் உடைந்த அதிரசம், தேன்குழல் தூள், பாதி லட்டு. யாரும் தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவர் ஒரு விள்ளல், போன் பேசிக்கொண்டே வருகிறவர் ஒரு பிடி மிக்சர். எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. என்னைக் கேட்டால், தீபாவளியன்று தின்றதைவிட இந்தப் பத்து நாள் கொறித்ததுதான் அதிகம். “வீணாப் போகுதே” என்று தின்று தீர்ப்பதுதான் பெரிய தவறு. மறுநாளே பாதியைக் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தைச் சாப்பாடு முடிந்த கையோடு தட்டில் ஒன்று வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். சிக்கு வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டுங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயை அடுத்த வாரப் பூரிக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம்.

லேகியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சரிதான். ஆனால் அதில் வெல்லமும் நெய்யும் கணிசமாக இருக்கிறது. நெல்லிக்காய் அளவு போதும். அது இருக்கிறதே என்று இன்னொரு ஜாங்கிரி எடுக்க வேண்டாம்.

கந்த சஷ்டி விரதம் தீபாவளி முடிந்த கையோடு வருகிறது. வருடா வருடம் இருந்து பழகியவர்களுக்குச் சிக்கல் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இனிப்புத் தின்றதற்குப் பரிகாரமாக இரண்டு மாத்திரை போடுபவர்களுக்கும் இதே கதிதான்.

அப்புறம், குடித்தவர்கள். முப்பது மில்லி பெக் ஒன்றைத் தீர்க்கக் கல்லீரலுக்குச் சுமாராக ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதாவது ஆறு பெக். நள்ளிரவில் முடித்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். மோர், கறுப்புக் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்தக் கணக்கை வேகப்படுத்தாது. தெளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் பைக்கை எடுக்காதீர்கள். தலைவலிக்கு அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் போட்டால் கல்லீரலுக்குக் கேடு. வெறும் வயிற்றில் ஐபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும். தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி, தூக்கம் போதும். “காலையில ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்” என்று சொல்லும் நண்பரின் போனை எடுக்காமல் இருப்பதும் வைத்தியம்தான்.

வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. பண்டிகையோடு நிறுத்துகிறேன் என்று அவர் திடீரென்று விட்டால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பே வரும். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கம் ஆரம்பித்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.