லோட்டஸ் எலீஸ்: கேட்கும் விலைக்குத் தகுமா என்று பார்ப்பது எப்படி?

லோட்டஸ் எலீஸ் என்பது இரண்டே பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பழையது ஒன்று விற்பனைக்கு வந்துவிட்டால் போதும், தெரிந்த பையன்களில் யாராவது விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "அண்ணா, இந்தக் காசுக்கு இது தகுமா?" என்று கேட்டுவிடுவார்கள். நான் இங்கிலாந்தில், நார்விச் அருகே ஒரு சிறிய கராஜில் வேலை பார்க்கிறேன். லோட்டஸ் தொழிற்சாலை இருக்கும் ஹெத்தல் கிராமம் பக்கத்தில்தான். அதனால் இந்த வண்டிகள் எங்கள் லிஃப்டில் அடிக்கடி ஏறும். ஆளாளுக்குத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேசிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடான அடிச்சட்டம், அடிபடாமல் இருந்து, எஞ்சினையும் ரேடியேட்டரையும் ஒழுங்காகக் கவனித்திருந்தால், தாராளமாகத் தகும். சேசிஸ் அடிபட்ட வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசவேண்டிய விஷயம்.

ஏன் சேசிஸை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கு, இந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியவேண்டும். 1996 முதல் 2021 வரை மொத்தமே 35,124 எலீஸ்கள்தான் ஹெத்தலில் இருந்து வெளியே வந்தன. இதேபோன்ற சின்ன இரண்டு இருக்கை வண்டியான மஸ்டா எம்எக்ஸ்-5-ஓ 1989-ல் ஆரம்பித்து 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. அவ்வளவு எண்ணிக்கை ஓடும் என்றால், இரும்புத் தகட்டை அழுத்தி உடல் செய்யும் பிரம்மாண்டமான அச்சுகளில் பணத்தைப் போடலாம். லோட்டஸால் அது முடியாது. ஆகவே அலுமினியத்தை ஒரு சிறிய அச்சுத் துளை வழியாகத் தள்ளி நீளநீளமான பெட்டிக் குழாய்களாக எடுத்து, அவற்றை எபாக்சி பசையால் ஒட்டி ஒரு தொட்டி மாதிரி ஆக்கினார்கள். ஒட்டு உரிந்து வராமல் இருக்க அங்கங்கே ஆணியும் உண்டு. ரிச்சர்ட் ராக்கம் என்ற பொறியாளரின் வேலை அது. முதல் தலைமுறை சேசிஸின் எடை 68 கிலோ. ஒரு ஆளின் எடை! முழு வண்டியும் ஏறக்குறைய 725 கிலோதான்.

இதில் அச்சுக்கு ஆகும் செலவு குறைவு, ஆள்கூலி அதிகம். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்தத் தொட்டிக்கும், அதைச் சுற்றிக் கையால் கோத்த வேலைக்கும்தான். ஆனால் இதே காரணத்தால், இரும்பு உடலை இழுத்து நிமிர்த்துவதுபோல இந்தச் சேசிஸை நிமிர்த்த வழியில்லை. வளைந்தால் மொத்தமாக மாற்றவேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்கள், சரிசெய்வது கட்டாது என்று வண்டியையே கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்ட வண்டிகளில் சில, மேலே பளபளப்பாக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன.

எனவே பார்க்கப் போவதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்தே இரண்டு வேலை முடியுங்கள். வண்டியின் நம்பரை அரசாங்க இணையதளத்தில் போட்டால் பழைய எம்ஓடி சோதனைகள் (வண்டி ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்ப்பது) எல்லாம் காசில்லாமல் வரும். மைல் கணக்கு வருடாவருடம் ஒழுங்காக ஏறுகிறதா, ஒரே குறை திரும்பத்திரும்ப எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சில பவுண்டு கட்டி, இன்சூரன்ஸ் கழித்த வரலாறு உண்டா என்று தேடுங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு கழித்து, மறுபடி ஓட்டக்கூடிய வண்டி என்றால் 'எஸ்', 'என்' என்ற வகை எழுத்து வரும். அதற்கு முன்பு 'சி', 'டி'. 'எஸ்' என்றால் வண்டியின் கட்டமைப்பே சேதப்பட்டது என்று பொருள். எலீஸைப் பொறுத்தவரை அந்த எழுத்தைக் கண்டால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். ஒன்றும் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருக்காதீர்கள். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமலே சரிசெய்த வண்டிகள் எந்தப் பதிவிலும் வராது.

நேரில் போகும்போது ஒரு நல்ல டார்ச்சும், முழங்காலிட ஒரு பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டின் தடிப்பை அளக்கும் சாதாரணக் கருவி இங்கே உதவாது, ஏனென்றால் வெளி உடல் முழுவதும் கண்ணாடியிழை. அந்தக் கருவிக்கு அடியில் உலோகம் வேண்டும். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு, பின்பக்கம் முழுவதும் ஒரே துண்டு. இந்தத் துண்டைக் கிளாம் என்பார்கள். மூலையில் சின்ன இடி என்றாலும் அந்த முழுத் துண்டையும்தான் சரிபார்க்கவேண்டும். பெயிண்டில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் ஒரு புள்ளியில் இருந்து விரிகின்றனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கதவுக்கும் கிளாமுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இடது வலது இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். கையால் செய்த வண்டி என்பதால் புதிதிலேயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒரு பக்கம் விரல் நுழைந்து மறுபக்கம் நகம்கூட நுழையாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

முன்னால் இருக்கும் சிறிய மூடிகளைத் திறந்து உள்ளே டார்ச் அடிக்கவேண்டும். இதைச் செய்யாமல் ஒருவரும் காசு கொடுக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். ஒருமுறை ஒரு தம்பி வாங்குவதற்கு முன் காட்ட ஒரு வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். வெளியே ஒரு குறை சொல்லமுடியாது, விற்பவர் காட்டிய பில் கட்டும் தடிமனாக இருந்தது. உள்ளே பார்த்தேன். சேசிஸின் முன்முனையில், மோதலைத் தாங்குவதற்கென்று ஒட்டியிருக்கும் கண்ணாடியிழைப் பெட்டி ஒன்று உண்டு. அது இருபத்தைந்து வருட வண்டியில் எப்படி இருக்கவேண்டும்? மங்கி, தூசி படிந்து, கல் தெறித்த வடுக்களோடு. இதிலோ இடது பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தது. புதுப் பிசின் வழிந்து உறைந்த துளி ஒன்று கீழ்விளிம்பில் தொங்கியது. விரலால் தடவினால் கண்ணாடி நார் குத்தியது. அதற்குப் பின்னால், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையான விஷ்போன் சேசிஸில் பிடிக்கும் இடத்தில், அலுமினியத்தில் மயிரிழை அளவு மடிப்பு. அவ்வளவுதான், வண்டியை இறக்கிவிட்டோம். அந்தத் தம்பி வாங்கவில்லை.

விஷ்போன் பிடிக்கும் அந்த இடங்களை நான்கு சக்கரத்திலும் பாருங்கள். வண்டியின் அடியில் அலுமினியத் தகடுகள் போல்ட் போட்டு மூடியிருக்கும். அவை எல்லாக் கசிவையும் துருவையும் மறைத்துவிடும். எஞ்சினைத் தாங்கும் பின் சப்ஃப்ரேம் இரும்பு. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதைத்தான் தின்னும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் சந்திக்கும் இடங்களிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விற்பவர் தகடுகளைக் கழற்ற விடமாட்டேன் என்றால், பக்கத்தில் உள்ள ஒரு லோட்டஸ் கராஜில் உங்கள் செலவில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் கைவைத்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் லூசாக இருக்கக்கூடாது. சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் டோ லிங்க் என்ற கம்பியின் மூட்டு, பந்தயத் தடத்தில் அடித்து ஓட்டிய வண்டிகளில் உடைந்திருக்கிறது. வேகத்தில் அது உடைந்தால் பின்பக்கம் தானாகத் திரும்பிவிடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. வலுவான மாற்று மூட்டு போட்டிருந்தால் அதற்கு நான் கூடுதலாகவே விலை கொடுப்பேன்.

சரி, எஞ்சின். எலீஸ் ஏன் இத்தனை வருடம் கழித்தும் சாதாரண மனிதர்களால் வைத்துக்கொள்ளக்கூடிய வண்டியாக இருக்கிறது என்றால், எஞ்சின் வேறு கம்பெனிகளுடையது. முதலில் ரோவரின் கே சீரிஸ் 1.8, பிறகு 2004-ல் இருந்து டொயோட்டா. ரோவர் கம்பெனி 2005-ல் மூழ்கியும் அந்த எஞ்சினுக்குச் சாமான் கிடைக்கிறது, ஏனென்றால் எம்ஜிஎஃப், ஃப்ரீலேண்டர் என்று ஏராளமான வண்டிகளில் அதே குடும்பத்து எஞ்சின் ஓடியது. பிளாக்பூலில் டிவிஆர் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி செய்த வண்டிகளோடு இதை வைத்துப் பாருங்கள். அவர்களுடைய ஸ்பீட் சிக்ஸ் எஞ்சின் அவர்களே செய்தது, வேறு எந்த வண்டியிலும் கிடையாது. சத்தம் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அதைத் திறக்கவேண்டி வந்தால் அந்த எஞ்சினையே தொழிலாக வைத்திருக்கும் சிலரைத்தான் தேடிப் போகவேண்டும். குறைந்த எண்ணிக்கையில் வந்த எந்த வண்டியை வாங்கப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எஞ்சின் யாருடையது, எத்தனை வண்டிகளில் ஓடியது? புதிய லோட்டஸ் எமிராவிலும் ஆறு சிலிண்டர் எஞ்சின் டொயோட்டாவுடையது, நான்கு சிலிண்டர் எஞ்சின் மெர்சிடிஸ் ஏஎம்ஜி தருவது. இந்த வழியை லோட்டஸ் விடவில்லை.

ரோவர் எஞ்சினின் பேர்போன வியாதி ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அதற்கும் ரேடியேட்டருக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. எலீஸில் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பக்கவாட்டுக் குழாய்கள் வழியே வண்டியின் நீளத்துக்குப் போய்வரவேண்டும். அந்த எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்டோ குறைவு. ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் இரு முனையில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு வயதானால் கசியும். கொஞ்சம்கொஞ்சமாகக் கூலன்ட் குறைந்து, ஒருநாள் எஞ்சின் சூடேறி, கேஸ்கெட் போய்விடும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு ரேடியேட்டரை அப்படியே விட்டால் மறுபடி அதே கதைதான். ஆகவே இரண்டும் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று பாருங்கள். முழு அலுமினிய ரேடியேட்டரும், பல அடுக்கு உலோக கேஸ்கெட்டும் போட்டிருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் அந்த வேலைக்கான காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன் கிளாமைக் கழற்றி மாட்டவே ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும்.

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கூலன்ட் மூடியைத் திறந்து, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கமுடியும். சந்தேகம் இருந்தால் கராஜில் நீலத் திரவச் சோதனை செய்வார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் மாற்றிய தேதியையும் கேளுங்கள். மைல் குறைவு என்பதெல்லாம் பதிலாகாது, ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும்.

டொயோட்டா எஞ்சினில் பெல்ட் இல்லை, செயின். எலீஸ் 111ஆர் என்ற மாடலில் வந்த 1.8 எஞ்சின் யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது, 189 குதிரைத்திறன். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,200 சுற்றில் வேறு கேமுக்கு (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புடைப்பு) மாறும். ஓட்டிப் பார்க்கும்போது, நன்றாகச் சூடான பிறகு, அந்த இடத்தில் முதுகில் ஒரு தள்ளு தெரியவேண்டும். தெரியாவிட்டால் கேம் தேய்ந்திருக்கலாம். விற்பவர் குளிர்ந்த எஞ்சினை உறுமவிட்டுக் காட்டினால், அவர் இத்தனை நாளும் அப்படித்தான் ஓட்டியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மேல் ரப்பர் தேயாமல் நிறைய இருந்தாலும் பத்து வருட டயரில் இந்த வண்டியை மதிப்பிட முடியாது. நீங்கள் காசு கொடுப்பதே அந்த ஸ்டீயரிங்குக்குத்தானே! அதில் பவர் உதவி எதுவும் கிடையாது. நார்ஃபோக்கின் கிராமத்துச் சாலைகளில், வேலியோர மண் படிந்த வளைவில் நுழையும்போது, முன் சக்கரம் ஈரத்தில் இருந்து உலர்ந்த தாருக்கு ஏறும் கணம் உள்ளங்கையில் தெரியும். இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள புது வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். அவற்றில் எனக்கு இது கிடைத்ததில்லை. 725 கிலோவைத் தவிர வேறு எதுவும் இதைத் தராது.

ஆனால் யாருக்கு என்பதையும் யோசிக்கவேண்டும். பக்கவாட்டுச் சட்டம் உயரமும் அகலமுமாக இருக்கும். கூரை போட்டிருக்கும்போது முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக இந்த வண்டி ஆகாது. வீட்டில் உள்ள ஒரே கார் இதுதான் என்றால் வாங்காதீர்கள், எம்எக்ஸ்-5 போதும், நல்ல வண்டி. எலீஸின் குணம் வேண்டும், ஆனால் பட்ஜெட் இடிக்கிறது என்றால் வாக்ஸால் விஎக்ஸ்220 தேடுங்கள். இரண்டாம் தலைமுறை எலீஸின் சேசிஸ் வகையில், ஹெத்தலிலேயே செய்தது, பெரும்பாலும் எலீஸை விட விலை குறைவு.

பேரம் பேசும்போது மூக்கில் கல் தெறித்த புள்ளிகளுக்காக வாதாடாதீர்கள். ஓட்டிய வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். ரேடியேட்டர், பெல்ட், டயர், ஷாக் அப்சார்பர், டோ லிங்க் ஆகியவற்றில் எது மாற்றப்படவில்லையோ அதற்கு லோட்டஸ் பார்க்கும் கராஜ் ஒன்றில் விலை கேட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்சூரன்ஸை, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித்தரும் கம்பெனியிடம் எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்துக்குப் பிறகுதான் மதிப்பைப் பேசுவார்கள். அப்போது அவர்கள் சொல்லும் தொகைக்கு இன்னொரு நல்ல எலீஸ் கிடைக்கும் என்று உறுதியில்லை.