ஆங்கிலத்தில் கடல் சொல் வந்தால் நீரின் திசையைப் பாருங்கள்

ஆங்கிலக் கட்டுரையில் 'அண்டர்கரன்ட்', 'அண்டர்டோ' போன்ற கடல் சொற்கள் உருவகமாக வந்தால், அகராதியைப் புரட்டும் முன் கடலில் அந்த நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் பொருள் அதிலேயே கிடைத்துவிடும்.

அண்டர்கரன்ட் என்பது மேற்பரப்புக்கு அடியில் செல்லும் ஓட்டம். ஒருவர் பேச்சில் கோபத்தின் அண்டர்கரன்ட் இருந்தது என்றால், அவர் கத்தவில்லை, ஆனால் உள்ளே கோபம் ஓடிக்கொண்டிருந்தது. அண்டர்டோ இதைவிட வலியது. கரையில் உடைந்த அலையின் நீர் அடிவழியாகக் கடலுக்குத் திரும்பும்போது நம் காலைப் பிடித்து இழுக்குமே, அதுதான். ஆகவே மறைந்திருந்தால் மட்டும் போதாது, எதிர்த்திசையில் இழுக்கவும் வேண்டும்: மகிழ்ச்சியான கதையில் சோகத்தின் அண்டர்டோ. நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து காப்பாற்றுங்கள். இரண்டையும் கலந்தால் வாக்கியத்தின் வலு போய்விடும். 'மேல்ஸ்ட்ராம்' எளிது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளருகே சுழலும் கடல்நீரோடு சேர்ந்து புகழ்பெற்ற பெயர் அது. எல்லாரையும் உள்ளிழுக்கும் பெருங்குழப்பத்தைக் குறிக்கும்.

பழைய சொற்றொடர்களில் இந்த வழி உதவாது. 'டைம் அண்ட் டைட்' யாருக்காகவும் காத்திருக்காது என்ற பழமொழியில் வரும் டைட், ஆதியில் காலம், பருவம் என்ற பொருளுடையது, அலையேற்றம் அல்ல. பேச்சின் சாரத்தைக் குறிக்கும் 'ட்ரிஃப்ட்' போன்றவற்றுக்கும் அகராதியே துணை.