இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை: டீசல் பிக்அப் நடுவழியில் நின்றால்

எண்ணெய்ப் பெடலை மிதித்தால் இன்ஜின் உறுமும், மீட்டர் முள் ஏறும், வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உடனே எல்லார் வாயிலும் வருவது “கியர்பாக்ஸ் போச்சு” என்பதுதான். பட்டறைக்குப் போய் அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், பில்லும் அப்படியே வரும். இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கிளட்ச் அல்லது (ஆட்டோவில் அதன் இடத்தில் இருக்கும்) டார்க் கன்வர்ட்டர், கியர்பாக்ஸ், ஃபோர் வீல் வண்டியென்றால் முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அப்புறம் பின்னால் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், ஆக்சில் என்று பெரிய வரிசையே இருக்கிறது. இதில் எது கைவிட்டாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவது ஒன்றுதான். செலவு மட்டும் ஒன்றல்ல. ஒரு ரப்பர் சீலில் முடிகிற காரியமாகவும் இருக்கலாம், பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வேலையாகவும் இருக்கலாம்.

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் பந்தல், மேசை நாற்காலி வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், கோவில் திருவிழா, துக்க வீடு எதுவானாலும் இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி ஓடும் பிக்அப் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய மேனுவல், மற்றது ஆட்டோ. இரண்டுமே வழியில் நின்றிருக்கின்றன. நான் ஃபோர்மன் (மெக்கானிக்) இல்லை. ஆனால் ஃபோர்மன் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டே பழகியவன்.

முதலில் வண்டியை ஓரம் கட்டும் விஷயம். ஓடும்போதே இழுவை போய்விட்டால் பயத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டீரிங்கும் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் இன்ஜின் ஓடினால்தான் முழுசாகக் கிடைக்கும். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். டபுள் சிக்னலைப் போட்டு, இருக்கிற வேகத்தை வைத்தே இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேட்டில் நின்றுவிட்டால் பின்னால் உருட்டி இடம் தேட வேண்டாம். ஏற்றிய பாரம் வண்டியை உங்கள் கையை மீறி இழுத்துப் போகும்.

ஓரத்தில் நின்றதும் பலர் செய்வது, ஆட்டோவைப் பி-யில் (பார்க்) போட்டுவிட்டு இறங்குவது. இங்கேதான் ஆபத்து. பி என்பது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு கொக்கி. அது பிடிப்பது கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டை. ஷாஃப்ட் முறிந்திருந்தாலோ, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் சிக்கியிருந்தாலோ, பி-யில் இருக்கும் வண்டியும் உருளும். மேனுவலில் முதல் கியரில் போட்டு நிறுத்துவதும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். என் வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டை எப்போதும் கிடக்கும். பந்தல் கால்களுக்கு முட்டுக் கொடுக்கவும் அதே கட்டைதான்.

இறங்குவது இடது கதவு வழியாக. அதையும் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். நம் ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த ஓரத்தில்தான் விரட்டிக்கொண்டு வருவார்கள். ஆட்களை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, முக்கோணத்தை நன்றாகத் தள்ளிப் பின்னால் வையுங்கள். பினாங்குப் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் வண்டியைச் சோதிக்கிற வேலையே வேண்டாம். பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் அதுக்கென்று இடமில்லை. நெடுஞ்சாலை நிறுவனத்தின் உதவி எண்ணான பிளஸ் லைனுக்கு, அதாவது 1800-88-0000-க்கு அழைத்து, எந்தத் திசை, எந்தக் கிலோமீட்டர் பலகை என்று சொல்லுங்கள். ரோந்து வண்டி வந்து பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துப் போகும். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இடம் பத்திரம். இனி எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்போம். வண்டிக்கு அடியில் தலையை விடாமலே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

ஃபோர் வீல் வண்டியென்றால் முதலில் டிரான்ஸ்ஃபர் லீவரையோ திருகையோ பாருங்கள். லீவர் வைத்த பழைய வண்டிகளில் சாமான் உருண்டோ கால் பட்டோ அது என்-க்கு, அதாவது நியூட்ரலுக்குப் போய்விடும். திருகு வைத்த வண்டிகளில் மோட்டார் பாதியில் நின்று, மீட்டர் பலகையில் 4எச் (நாலு சக்கர இழுவை) விளக்கு விட்டு விட்டு எரியும். கியர்பாக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, வண்டி மட்டும் நிற்கும். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் நியூட்ரலில் போட்டு, 2எச்-க்கும் (இரண்டு சக்கர இழுவை) 4எச்-க்கும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து கியர் லீவர். ஆட்டோவில் அது வழக்கத்தைவிடத் தொளதொளவென்று ஆடுகிறதா, நீங்கள் டி-யில் வைத்தும் மீட்டரில் டி வரவில்லையா? அப்படியானால் கேபிள் கழன்றிருக்கலாம். பிறகு ஆர்-இல் போட்டுப் பாருங்கள். ஆர் இழுத்து டி இழுக்கவில்லை என்றால் உள்ளே முன்னோக்கி இழுக்கும் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே இழுக்காவிட்டால் எண்ணெய் வடிந்திருக்கலாம், பம்ப்போ கன்வர்ட்டரோ போயிருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு தடவை பார்த்தால் போதும். இழுக்குமா இழுக்குமா என்று முடுக்கிக்கொண்டே இருந்தால் மிச்சம் இருக்கிற தகடும் கருகிவிடும்.

மூன்றாவது, ஷாஃப்ட். சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக கியரில் விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நின்று, குனிந்து பார்த்தால் போதும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் கோளாறு டிஃபரென்ஷியலில் அல்லது ஆக்சிலில். கியர்பாக்ஸைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். ஷாஃப்டே சுற்றவில்லை என்றால் பழுது அதற்கு முன்னால். ஷாஃப்ட் ஒரு பக்கம் தொங்கினால் சொல்லவே வேண்டாம், யுனிவர்சல் ஜாயின்ட் முறிந்திருக்கிறது.

மேனுவல் வண்டிக்குத் தனிக் கதை உண்டு. தைப்பூசத்துக்கு முதல் நாள் துன் சார்டோன் சாலையில், பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் பக்கம் ஏறும்போது, என் தங்கை மகன் ஓட்டிய வண்டி வளைவில் நின்றுவிட்டது. “மாமா, கியர் விழல, பெடல் அப்படியே கீழ போயிருச்சு” என்று போன் பண்ணினான். அந்த வழியாக வந்த ஒரு ஃபோர்மன் எட்டிப் பார்த்து, “கியர்பாக்ஸ் சுடா ரோசாக் (கெட்டுப்போச்சு), இறக்கணும்” என்று முடிவே கட்டிவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்து முதலில் பார்த்தது பானெட்டுக்குள் இருக்கும் கிளட்ச் எண்ணெய்க் குப்பியை. அடி தெரிய வறண்டிருந்தது. கியர்பாக்ஸ் பக்கத்தில் திருகியிருக்கும் கீழ்ப் பம்ப்பின் ரப்பர் உறையை விரலால் சுருட்டியதும் கறுப்பாக எண்ணெய் ஒழுகி முழங்கை வரை வந்தது. உள்ளே சீல் கிழிந்திருந்தது. கியர்பாக்ஸில் ஒரு ஆணியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

பெடல் கீழே போய், கியரும் விழாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குப்பிதான். ஆபத்தான இடத்திலிருந்து வண்டியைக் கொஞ்சம் நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் வண்டி வெட்டி இழுத்துக் கிளம்பும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கோடு சாவியையும் அணைக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் வரை ஓட்டுகிற வீரம் வேண்டாம்.

பெடல் சரியாக இருந்து, முடுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, தீய்ந்த வாடை அடித்தால் அது கிளட்ச் தகடு. அரை மணி நேரம் ஆறவிட்டு, பாரத்தை இறக்கிவிட்டால் சில சமயம் மெதுவாக நகரும் அளவுக்குப் பிடிக்கும்.

ஆட்டோவில் சூடு ஒரு பெரிய எதிரி. பாரத்தோடு மேடு, பிறகு நெரிசல், வெயில் எல்லாம் சேர்ந்தால் ஏடி எண்ணெய், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய், சூடானதைச் சொல்லும் விளக்கு எரியும். அப்போது ஓரமாக நிறுத்தி பி-யில் போட்டு, இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். பம்ப் சுற்றினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய்க் குளிரும், அணைத்துவிட்டால் சூடு உள்ளேயே அடைந்துகொள்ளும். விளக்கு அணைந்த பிறகு மெதுவாகக் கிளம்பலாம். அடியில் எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும்.

இன்னொன்று, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, சோம்பலாக இழுத்து, டி விளக்கு சிமிட்டுவது. இது கணினி தானாகப் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு முறை. சென்சாரோ, மின்சார வால்வான சாலினாய்டோ, ஈரம் ஏறிய ஒரு சாக்கெட்டோ, சோர்ந்த பேட்டரியோகூடக் காரணமாக இருக்கலாம். மீட்டர் பலகையைப் படம் எடுத்துவிட்டு, மெதுவாக அருகிலுள்ள இடத்துக்குப் போய்விடலாம். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே பதிவான கோளாறு எண்கள் அழிந்துவிடலாம். ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் பி0700 என்று வரும். அது “கியர் கணினிக்கு ஒரு குறை இருக்கிறது” என்று மட்டும்தான் சொல்கிறது. கூடவே வருகிற எண்தான் முக்கியம். பி0218 என்றால் சூடு, பி0741 என்றால் கன்வர்ட்டர் பூட்டு பிடிக்கவில்லை, பி0730 என்றால் கேட்ட கியர் கிடைக்கவில்லை.

டிப்ஸ்டிக் இருக்கிற வண்டியில் எண்ணெயை இழுத்து வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். தெளிவான சிவப்பு நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தகடு எரிந்திருக்கிறது. சிராப் பண்டுங் (பாலில் கலக்கும் ரோஸ் சர்பத்) மாதிரி இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. அந்த நிமிஷமே இன்ஜினை நிறுத்துங்கள். தண்ணீர் பட்டால் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் உரிந்துவிடும். 2017 நவம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும் இதே மாதிரி கலங்கல் வந்தது, கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியதால்.

இழுத்துப் போகும் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். ஆட்டோ பிக்அப்பின் பின்சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது. இன்ஜின் ஓடாததால் பம்ப் சுற்றாது, எண்ணெய் இல்லாமல் உள்ளே எல்லாம் உரசும், நல்ல கியர்பாக்ஸும் பட்டறை வாசலில் செத்துப்போகும். ஃபோர் வீலுக்கு நாலு சக்கரமும் ஏறுகிற கேரியர்தான் சரி. டூ வீலுக்குப் பின்பக்கத்தைத் தூக்கினால் போதும். இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லுங்கள், நாலு போல்ட்தான் பெரும்பாலும். கூப்பிடாமலே வந்து நிற்கும் டோ வண்டிக்குக் கொக்கி மாட்ட அனுமதி கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் அட்டையின் பின்னால் உதவி எண் இருக்கும். பல காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டோவிங் சேர்ந்தே வருகிறது, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாரத்தை முதலில் வேறு லோரிக்கு மாற்றிவிடுங்கள். பந்தல் கம்பியோடு பட்டறையில் கிடந்தால் அங்கே கல்யாண வீட்டுக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

பட்டறையில் எண்ணெய்த் தட்டை உங்கள் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். தட்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் இரும்புத் துகளும், கறுப்புத் தகட்டுத் துண்டும் கிடந்தால் உள்ளே சேதம் உண்மை. புது எண்ணெய் ஊற்றி “ஃபிளஷ்” பண்ணலாம் என்றால் பணத்தை வீணாக்க வேண்டாம், எண்ணெய் தேய்ந்த தகட்டை வளர்க்காது.

ஓவர்ஹாலா (பிரித்துப் புதுப்பிப்பது), ஹாஃப்கட் கியர்பாக்ஸா (வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டியிலிருந்து எடுத்தது) என்பது உங்கள் பையைப் பொறுத்தது. புக்கிட் மெர்தாஜாமில் எனக்குப் பழக்கமான தவ்கே (பட்டறை முதலாளி) எப்போதும் ஓவர்ஹால் பக்கம், நான் பழைய வண்டிக்கு ஹாஃப்கட் பக்கம். எதைச் செய்தாலும் கூலரையும் குழாய்களையும் கழுவியோ மாற்றியோதான் மாட்ட வேண்டும். பழைய துகள் அங்கே தங்கியிருந்து புதுசையும் தின்றுவிடும். கன்வர்ட்டரையும் விட்டுவிடக் கூடாது. பண்டுங் நிறம் கண்ட வண்டிக்கு ரேடியேட்டரும் புதுசு. ஹாஃப்கட் என்றால் இன்ஜின் குறியீடும், ஃபோர் வீலா டூ வீலா என்பதும் ஒத்துப்போக வேண்டும். எண்ணெய் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகைதான். டபிள்யூஎஸ் வகை எண்ணெய் கேட்கும் டொயோட்டாவுக்கு வேறு எதையோ ஊற்றி “எல்லாம் ஒன்னுதான்” என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வாரண்டி எத்தனை மாதம், கூலியும் சேர்த்தா, டோவிங் யார் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானை வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் சொந்த உபயோக வண்டிக்காரர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஐம்பதாயிரம் வெள்ளி வரை கேட்க முடியும். என்னைப் போல் தொழிலுக்கு ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம், பில்லில் இருக்கிற எழுத்துதான் துணை.

வண்டி திரும்பி வந்ததும் உடனே பாரம் ஏற்றாமல் சில நாள் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். ஆட்டோவென்றால் ஸ்கேனரில் கியர் கணினியின் பழைய பதிவை அழித்துப் புதிதாகப் பழகவிட்டார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கியர் மாறும்போது உதறும். இரவு நிறுத்தும் இடத்தில் அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் சிவப்புச் சொட்டு இருந்தால் அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.