உங்க விளையில நிக்கிற நாட்டு வாழைய பதிவு பண்றது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்க விளையில (தோட்டத்துல) பாட்டா (தாத்தா) வச்ச ஒரு வாழை இருக்கு, பாத்தா எங்க ஊரு மட்டி ரக வாழை மாதிரி இருக்கும், ஆனா மட்டி இல்ல. கொஞ்ச வருஷம் முன்ன ஒருத்தர் வந்து நாலு கன்னு கேட்டாரு, கொடுத்தோம், கன்னு கேட்டா இல்லன்னு சொல்ற பழக்கம் இங்க கிடையாதுல்லா. அப்புறம் பாத்தா அதே கன்ன வேற பேரு வச்சு ஒரு நர்சரியில விக்கிறாங்க. வயிறு எரிஞ்சிது. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டத்த உக்காந்து படிச்சேன்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001. இதுல 39ஆம் பிரிவ மனப்பாடமே பண்ணி வைங்க. கம்பெனி பதிவு பண்ணின ரகமா இருந்தாலும் நீங்க வெதை எடுத்து வைக்கலாம், திரும்ப வெதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விக்கவும் செய்யலாம், பிராண்ட் பேரு போட்டு விக்கத்தான் கூடாது. 2019ல குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிங்க மேல பெப்சிகோ கேஸ் போட்டப்போ எல்லாரும் தூக்கிப் பிடிச்சது இந்தப் பிரிவைத்தான், அந்த வருஷமே கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க.

இந்த உரிமை தானாவே உங்களுக்கு உண்டு. ரகம் உங்களோடதுன்னு பதிவாகணும்னாதான் மனு போடணும். மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சே, பிறகென்னன்னு கேப்பாங்க, அது ஊரோட சேந்த பழத்தோட பேருக்கு உள்ள பாதுகாப்பு, செடியோட ரகத்துக்கு இல்ல.

ஸ்டெப் 1: வித்தியாசத்த எழுதுங்க. இதுலதான் நெறைய பேரு சறுக்குறாங்க. உங்க வாழையையும் சாதா மட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, இலைக்காம்போட குழி விரிஞ்சிருக்கா மூடியிருக்கா, தண்டுல கறுப்புத் திட்டு எவ்வளவு, வாழைப்பூ மடல் விரியும்போது சுருளுதா சுருளாம நிக்குதா, சீப்புக்கு எத்தன காய்னு ஒரு நோட்டுல எழுதி போட்டோவும் எடுங்க. "ருசி வேற"ன்னு மட்டும் சொன்னா போதாது. எல்லா வாழை மூட்டுலயும், அடுத்த தலைமுறைக் கன்னுலயும் அதே குணம் வரணும். விவசாயி ரகத்துக்கு "புதுசு"ங்கிற கண்டிஷன் கிடையாது, அது பெரிய சலுகை.

ஸ்டெப் 2: யாரு பேர்லன்னு முடிவு பண்ணுங்க. ஊரே வச்சிருக்கிற ரகம்னா ஊரா சேந்து போடுங்க, தயவுசெஞ்சு ஒருத்தர் பேர்ல போடாதீங்க.

ஸ்டெப் 3: ரகத்துக்குப் பேரு. ஊர்ப் பேரு கலந்த பேர பதிவாளர் மறுக்க வழி இருக்கு, அதனால பாட்டா கூப்பிட்ட பேரையே வைங்க.

ஸ்டெப் 4: இந்தச் சட்டப்படி ரகத்த பதிவு பண்ற டெல்லி ஆணையத்தோட படிவம் 1ம் கூட உள்ள கேள்வித்தாளும் நிரப்பணும். பஞ்சாயத்து பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அதிகாரியோ சாட்சிக் கையெழுத்து போடணும். ஃபாரம் நிரப்ப எடங்கேறா இருந்தா பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க, நெல்லுன்னா திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துல. விவசாயிக்கு ஃபீஸ் கிடையாது, யாராவது கேட்டா கொடுக்காதீங்க.

மனுவ ஏத்துக்கிட்டா அவங்க இதழ்ல விளம்பரம் வரும், ஆட்சேபம் சொல்ல மூணு மாசம் டைம். பதிவானா நெல்லு மாதிரி பயிருக்கு 15 வருஷம், மரம் கொடிக்கு 18. அதுக்குள்ள வாழை மூடு அழிஞ்சிரக் கூடாது, ரெண்டு மூணு வீட்டு விளையிலயும் கன்னு வச்சு விடுங்க, யாருக்கு எப்போ கொடுத்தீங்கன்னு அதே நோட்டுல எழுதிருங்க.