பழகிய குதிரையை யார் கையில் கொடுப்பது? ராமநாதபுரம் கரையோரக்காரர்களுக்கு

விலையை முதலில் பேசாதீர்கள். குதிரையையோ மட்டக்குதிரையையோ வேறு கைக்கு மாற்ற நினைக்கிறவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விலையைச் சொன்ன நிமிஷத்திலிருந்து வருகிறவர்கள் பேரத்துக்கு வருவார்கள், குதிரைக்கு வர மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் குதிரைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்கு மிரளும் என்று எழுதுங்கள். "நல்லா பழகின குதிரை, உடனே விற்பனைக்கு" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அதில் ஒன்றுமே இல்லை. எதற்குப் பழகியது? யாரிடம் பழகியது?

நம் பக்கம் கைமாறுகிற குதிரைகள் பெரும்பாலும் நாலு வகைதான். கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சவாரி போனது. எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்தது. கல்யாணம், சந்தனக்கூடு ஊர்வலம் என்று கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் நின்றது. அப்புறம், வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்து ஆசைக்கு வாங்கி, பிள்ளைகள் காலேஜ் போனதும் தோட்டத்தில் சும்மா நிற்கிற மார்வாரி சாதிக் குதிரையோ கத்தியவாரி சாதிக் குதிரையோ. நாலும் "பழகியது"தான். ஆனால் ஒன்றின் வேலை இன்னொன்றுக்கு ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு சவாரிக் குதிரை, எதிரே யாராவது செல்போனைத் தூக்கினால் நின்றுவிடும். கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தி, படம் எடுத்து முடிக்கிற வரை அசையாது. வருஷக்கணக்கில் அதற்கு அதுதானே வேலை. அதைத் தோப்பு வைத்திருக்கிற ஒருத்தர் காலையில் சவாரி போவதற்கென்று வாங்கினார். ஒரே வாரத்தில் விற்றவருக்குப் போன்: "அண்ணே, பாதி வழியில நின்னுக்குது, கட்டையாட்டம் நிக்குது, ஏமாத்திட்டீங்களே." வழியில் போகிறவர்கள் எல்லாம் குதிரையைக் கண்டதும் போனைத் தூக்கினால் அது நிற்காமல் என்ன செய்யும்? பிறகு அதே குதிரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற ஒருவரிடம் போனது. அங்கே அதற்கு ஈடே இல்லை என்கிறார்கள்.

பந்தயக் குதிரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்தில் இன்னொரு வண்டியின் சத்தமும் ஆள் விரட்டுகிற குரலும் கேட்டால் அதற்கு ரத்தம் சூடாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போது முதுகில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உருவம் சின்னதாக இருக்கிறது என்பதற்காகவே பந்தய மட்டக்குதிரையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு, அவர்களிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பழகிய மட்டம் என்றால் எடைக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்: ஏறுகிற ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. 200 கிலோ மட்டத்துக்கு 40 கிலோ. பிள்ளை வளர்ந்ததும் அப்பாவே ஏறி உட்கார்ந்து பார்ப்பார், அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வயதில் பொய் வேண்டாம். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். மேல்வரிசைக் கடைசி முன்பல்லில் ஈறை ஒட்டி ஒரு கோடு பத்து வயதுவாக்கில் தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வந்து, இருபதில் நுனியைத் தொடும். ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம், ஆனால் பதினெட்டைப் பத்து என்று சொல்ல முடியாது. உடம்பில் முடி சுழித்துக்கொண்டிருக்கிற சுழியையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், எங்கெங்கே எத்தனை என்று. எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. வாங்குகிறவருக்கு இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களுக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. குதிரையை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய பிறகு தாத்தா வந்து தடவிப் பார்த்துவிட்டு "இது ஆகாது" என்றால் அலைச்சல் குதிரைக்குத்தான்.

இனி வருகிற ஆளைப் பற்றி. அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். உயரம், நிறம், எவ்வளவு வேகம் ஓடும் என்று மட்டும் கேட்டால் எனக்கு யோசனைதான். கொள்ளு எவ்வளவு, ஊற வைத்தா வேக வைத்தா, லாடம் எப்போது அடித்தது, ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கா என்று கேட்கிறவரிடம் உட்கார்ந்து டீ குடிக்கலாம். இன்னொன்று, நம் ஊரில் வாங்குகிறவர் ஒருத்தர், வளர்க்கிறவர் இன்னொருத்தராக இருப்பது சகஜம். முதலாளி துபாயிலிருந்து வீடியோ காலில் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுவார், குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போவது தோட்டத்தில் இருக்கிற தம்பி. அந்தத் தம்பியைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். அவரையே வரவழைத்து, கடிவாளம் மாட்டச் சொல்லி, நாலு காலையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பயந்தால் பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். அடிக்கக் கை ஓங்கினால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போட்டோ போதாது.

முதலில் தண்ணீர். கரையோரத்தில் பாதி இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும், அதிலும் இடம் மாறிய குதிரை தண்ணீர் ருசி மாறினால் குடிக்காமல் நிற்கும், குடிக்காவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். குடும்பத்துக்கே குடம் கணக்கில் விலைக்குத் தண்ணீர் வாங்குகிற வீட்டில் குதிரைக்கு யார் வாங்குவார்கள் என்று நேராகவே கேட்டுவிடலாம்.

அப்புறம் மணல். நம் ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரியாதது இது. தீனியைத் தரையில் கொட்டினால் குதிரை புல்லோடு மணலையும் சேர்த்துத் தின்னும், மணல் குடலில் தங்கிக்கொண்டே போய் ஒரு நாள் வலியில் தரையில் புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வர வேண்டும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: தரையில் படாத சாணத்தில் நாலைந்து உருண்டையைக் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் அடியில் மணல் படிகிறதா என்று பாருங்கள். கொடுக்கிற முன்னால் உங்கள் குதிரைக்கே இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. புது இடத்தில் சிமெண்ட் தொட்டியோ அகலமான டப்போ இருந்தால் பாதிக் கவலை விட்டது.

சீமைக்கருவேல் இல்லாத இடம் நம் மாவட்டத்தில் கிடைக்காது, அதனால் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், கட்டுகிற இடத்தைச் சுற்றி முள்ளும் நெற்றும் பெருக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முள் குளம்பில் ஏறும். நெற்று இனிப்பாக இருப்பதால் அளவில்லாமல் தின்றுவிட்டு வயிறு அடைத்துக்கொள்ளும். நிழலுக்குத் தகரத்தைவிடத் தென்னங்கீற்று நல்லது. பக்கத்தில் இன்னொரு குதிரை இருக்கிறதா? கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாகக் கட்டினால் சில குதிரைகள் மரத்தைக் கடிக்கும், இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். குதிரை இல்லாவிட்டால் இரண்டு ஆடாவது துணைக்கு இருக்கட்டும்.

லாடம் அடிக்க எங்கிருந்து ஆள் வருகிறார் என்பதையும் கேளுங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், லாடத்து ஆணி உட்பட.

சோறு போடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது, மிச்சப் பிரியாணி, பொங்கல் என்று பாசத்தில் போடுவார்கள். இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை போல. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கிய கரை இது. அந்தக் குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் வேக வைத்துப் போட்டதாகவும், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துக்கொண்டே இருந்ததாகவும் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: புல், வைக்கோல், அளவாகக் கொள்ளு, தவிடு. விருந்துச் சாப்பாடு வேண்டாம், குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும்.

எல்லாம் சரியாக இருந்தால் பத்து நாள் சோதனைக்குக் கொடுங்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி பத்து நாள் கழித்து. ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள், அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு: இனி எப்போது வேண்டாம் என்றாலும் முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும், குதிரையைச் சரியாக வைத்துக்கொள்ளாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசி முடித்த குதிரை அடுத்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆடியில் ஈரோடு பக்கத்து அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். இளம் குதிரை, நல்ல சாதி என்றால் விலை கிடைக்கும், தப்பில்லை. வயதானதை அங்கே கொண்டுபோகாதீர்கள். வயதானதற்குச் சவாரி வேண்டாத வீடு, வேறு குதிரைக்குத் துணை தேடுகிற வீடு பாருங்கள், இனாமாகக் கொடுத்தாலும் சரி. அவிழ்த்து மட்டும் விடாதீர்கள். கோடியக்கரையில் குதிரைகள் தானாகத் திரிகின்றனவே என்பவர்களுக்கு: அங்கே காடும் புல்லும் இருக்கிறது, இங்கே ரோடும் பாலிதீன் பையும்தான். பிராணியை இப்படிக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

ஏற்றுகிற முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். மூக்கில் சளி, தோலில் கட்டி, புண் இருந்தால் கிளாண்டர்ஸ் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிகிற வரை நகர்த்தவே கூடாது, அது மனிதருக்கும் தொற்றுகிற நோய். நம் பக்கம் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர்கள் குறைவு. பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியிலோ ஒரத்தநாட்டிலோ இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, விடிகிற முன்னால் கிளப்புங்கள். பழைய கடிவாளம், கழுத்துக் கயிறு, பத்து நாளுக்கு அது தின்று பழகிய அதே தீனி எல்லாம் கூடவே போகட்டும். புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் கூப்பிடுகிற பெயர், நிறுத்த என்ன சத்தம், நடக்க என்ன சத்தம், எந்தப் பக்கமிருந்து ஏறிப் பழக்கம் என்பதை எல்லாம் போனில் பேசியே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள், எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை.

முதல் வாரம் சவாரி வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் சாணம் எப்படிப் போடுகிறது, தண்ணீர் குடிக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், விலா எலும்பு தெரிகிறதா, கடிவாளம் மாட்டுகிற இடத்தில் வாயோரம் புண் இருக்கிறதா என்று. புண் இருந்தால் சண்டை போடாமல் எப்படி மாட்டுவது என்று அந்தத் தம்பிக்கே இன்னொரு முறை காட்டிக் கொடுங்கள். அடுத்த முறையும் அப்படியே இருந்தால் தாளில் எழுதியபடி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தை உடனே செலவழிக்காதீர்கள்.