பைதனைப் புதுப்பிக்கும்போது பழையதை முதலில் அழிக்காதீர்கள்

திருகோணமலையில் உயர்தரத்துக்கு ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கும் பிள்ளைகளின் விண்டோஸ் கணினிகளில் பைதன் என்ற நிரல்மொழி கட்டாயம் இருக்கும். 2019 முதல் ஒவ்வோர் ஒக்டோபரிலும் அதன் புதிய பதிப்பு ஒன்று வருகிறது. புதியது வந்தால் முதல் வேலையாகப் பழையதை அன்இன்ஸ்டால் செய்பவர்கள் பலர். இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான்.

3.11 உள்ள கணினியில் 3.13ஐ நிறுவினால், அது பழையதன் இடத்தைப் பிடிக்காது. தனி ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் சேர்த்து வைத்த நம்பை, பாண்டாஸ் போன்ற பேக்கேஜ்கள் (பைதனோடு கூடுதலாகச் சேர்க்கும் நிரல்தொகுப்புகள்) எல்லாம் 3.11இன் ஃபோல்டரிலேயே கிடக்கும், புதியதற்குத் தானாக வராது. பழையதை அழித்தால் அதை நம்பி உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்களும் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைதன் சூழல்கள்) நின்றுவிடும். ஆகவே முதலில் ஒவ்வொரு புராஜெக்டிலும் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பின் 'பிப் ஃப்ரீஸ்' (pip freeze) கட்டளையால் பேக்கேஜ் பட்டியலை ஒரு கோப்பில் எடுங்கள். அப்புறம் புதியதை நிறுவி, புதிய என்விரான்மென்ட் உருவாக்கி, அந்தப் பட்டியலைக் கொண்டு பேக்கேஜ்களை நிறுவுங்கள். எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பழையதை எடுக்கலாம். 3.13.1இலிருந்து 3.13.2க்கு என்று கடைசி எண் மட்டும் மாறினால் இவ்வளவு தேவையில்லை. அது இருந்த இடத்திலேயே மாறும், பேக்கேஜ்களும் அப்படியே இருக்கும்.

அடுத்தது அவசரம். பதிப்பு வெளிவந்த வாரமே மாறினால், சில பேக்கேஜ்களுக்கு அந்தப் பதிப்புக்கென முன்பே கட்டிவைத்த, நேரே நிறுவக்கூடிய கோப்பு வந்திருக்காது. பிப் அதை மூலநிரலிலிருந்து கட்டப் பார்த்து, விஷுவல் சி++ கருவிகள் இல்லை என்று சிவப்பில் கத்தும். உடனே அந்தக் கருவிகளை இறக்கப் போனால் ஜிபி கணக்கில் டேட்டா போய்விடும். போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது சின்ன இழப்பில்லை. ஒரு பதிப்பு பின்னால் இருப்பதே நல்லது என்பேன். வகுப்பில் பல கணினிகள் இருந்தால், பிப் டவுன்லோட் கட்டளையால் ஒரு தடவை இறக்கி, பென் டிரைவில் எடுத்துப் போய் மற்றவற்றில் இணையம் இல்லாமலே நிறுவலாம். பைதன் பதிப்பும் 64 பிட்டா 32 பிட்டா என்பதும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுவிய பிறகும் பழைய பதிப்பு எண்ணே தெரிகிறதா? பாத் பட்டியலில் (நிரலை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று விண்டோஸ் பார்க்கும் வரிசை) பழையது முன்னால் நிற்கிறது. திரும்பத் திரும்ப நிறுவ வேண்டாம். வேண்டிய பைதன் பதிப்பைத் தேர்ந்து ஓட்டும் 'பை' (py) என்ற லாஞ்சருக்குப் பதிப்பு எண்ணைக் கொடுத்து இயக்குங்கள், பிப்பையும் அதன் வழியாகவே கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் பேக்கேஜ் ஒரு பைதனுக்குள் போகும், நிரல் இன்னொன்றில் ஓடும்.

விண்டோஸ் 7 கணினி என்றால் 3.8தான் கடைசி. 3.9இலிருந்து அதற்கு ஆதரவு இல்லை. யாரோ மாற்றிக் கொடுத்த இன்ஸ்டாலரைத் தேடி இறக்காதீர்கள். 3.8க்கும் 2024 ஒக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆனாலும் லூப், லிஸ்ட், ஃபங்ஷன், கோப்பு வாசிப்பு எல்லாவற்றையும் பழக அது தாராளமாகப் போதும்.